தன்மை ஒருமை

ஒல்டன் ஸ்டேஷனுக்குப் பின்னால், இரண்டாம் மாடி.
பல் வைத்தியரின் அறையில்
மொழிபெயர்க்க வந்தவளுக்கு ஒரு கதிரை.
விதி இதுதான்:
அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’.
கூட்டக் கூடாது. குறைக்கக் கூடாது.
ஆறுதல் சொல்லக் கூடாது.

ஆகவே காலை எட்டேகாலுக்கு
எனக்கு ஐம்பத்தெட்டு வயது.
ஹெர்கிங்கனில் இரவு வேலை, பொதி பிரிப்பது.
மூன்று மாரியாக வயிற்றில் எரிவு.
இரண்டு தரம் குளிசை, பதினாலு பதினாலு நாள்,
வாயெல்லாம் செப்புக்காசு சப்பினமாதிரி.
குழாயில் ஊதச் சொன்னார்கள், ஊதினேன்.
போய்விட்டது என்றார்கள்.
வந்துவிட்டது.
இவ்வளவையும் ஜெர்மனில் சொன்ன என் வாயில்
காலையில் குடித்த கோப்பி மட்டும்.

டொக்டர் எஷ்பாகர் மெல்லிய கம்பியை
ஈறுக்குள் இறக்கி ஆழம் பார்க்கிறார்.
மூன்று. இரண்டு. மூன்று.
ஐந்து. ஆறு, இரத்தம்.
ஏழு.
வாய் திறந்தபடி யோகச்சந்திரன்
ஒவ்வொரு இலக்கத்துக்கும் என்னைப் பார்க்கிறார்,
நான் போட்ட புள்ளிகள்போல.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒரு பை, என்றேன்.
துப்பிவிட்டுக் கேட்டார்:
“பைக்குள்ள என்ன கிடக்காம்?”

வயிற்றுக் கிருமி இங்கேயும் ஒளிந்திருக்கலாம்.
குளிசை இந்த அழுக்குக்குள் எட்டாமல் விடலாம்.
விழுங்கும் எச்சிலோடு இறங்கி
பழைய வீட்டுக்கே குடிபோகலாம்.
ஆய்வுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை.
“ஓமோ இல்லையோ எண்டு கேளுங்கோ தங்கச்சி.”
கேட்டேன்.
இருக்கலாம், என்றார் டொக்டர்.
ஒரு ‘லாம்’ எத்தனை கிலோ என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

“விலாசம் பிழையெண்டால் பொதி
அனுப்பினவருக்கே திரும்பி வரும்.
இதில அனுப்பினதும் நான், வாங்கினதும் நான்.”
ஜெர்மனில் சொன்னேன். டொக்டர் சிரித்தார்.
தமிழில் அது சிரிப்பாக இருக்கவில்லை.

வீட்டில் வேறு யாருக்காவது வயிற்றுவலி?
காத்திருந்த தவமலரைக் கூப்பிட்டார்கள்,
கோட்டைக் கழற்றாமல் வந்தார்.
கரண்டி, கோப்பை, முத்தம்
என்று டொக்டர் விரல் மடித்தார்.
கரண்டி சொன்னேன். கோப்பை சொன்னேன்.
மூன்றாவதுக்கு வாய் கூசியது.
சொன்னேன்.

தவமலர் கைப்பையின் சிப்பைத் திறந்தார், மூடினார்.
“பெடியன் பிறந்த பிறகு இவர் இரவு, நான் பகல்.
வாசலில திறப்பு மாத்திறதோட சரி.
எனக்கு வர வழியில்லை.”
பெடியனுக்கு இருபத்தாறு வயது.
‘நான்’ என்று தொடங்கினேன்,
இந்த முறை அவவாக.

“அதை எழுத வேண்டாம் எண்டு சொல்லுங்கோ,”
என்றார் கதிரையில் மல்லாந்திருந்தவர்.
அதையும் சொன்னேன், அவராக.
ஒரே வாயில் இரண்டு பேர்,
இருவருக்கும் நடுவில் என் நாக்கு.
டொக்டர் பேனையை வைத்தார்.
உறிஞ்சுகுழாய் மட்டும்
எச்சில் தேடி இரைந்துகொண்டிருந்தது.

மூன்று கிழமை கழித்துத் தொலைபேசி.
இந்த முறை வயிற்று வைத்தியர்.
தவமலருக்கும் இருக்கிறது, அதே கிருமி.
சொன்னேன்.
கம்பியின் மறுமுனையில்
யாரோ ஒரு கோப்பையைக் கழுவுகிற சத்தம்
நின்றது.
“அப்ப,” என்றார். “எப்ப?”

கேட்டேன்.
வயதைக் கணக்கிட முடியாது, என்றார் வைத்தியர்.
சின்ன வயதிலேயே தொற்றியிருக்கலாம்,
பெரும்பாலும் அப்படித்தான்.
இவரிடமிருந்தும் வந்திருக்கலாம்.

பதினோரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு
ஒரு சொல் சிந்தாமல் சுமந்தவள் நான்.
“இவரிட்ட இருந்தும் வந்திருக்கலாமாம்,” என்றேன்.

மற்றது என் ஈறுக்குள் கிடக்கிறது.
அங்கே தூரத்தில் ஒரு ஆண்குரல்,
“என்னவாம்? என்னவாம்?”
தவமலர் பதில் சொல்லவில்லை.
தண்ணீர் மறுபடி திறக்கப்பட்டது, மெதுவாக.

பதிவுத் தாளில் கடைசிக் கட்டம்:
அனைத்தும் மொழிபெயர்க்கப்பட்டதா?
ஆம், என்று எழுதினேன்.
இந்த ‘நான்’ நான்தான்.